தொழில்வரிக்குத் தூக்கிய கை

12, கிணற்றுத் தெரு,
நல்லாம்பேட்டை,
22-2-1988

அன்புள்ள வஹாப் பாய்க்கு,

சுவரைத் தட்டினால் கேட்கிற தூரத்தில் இருக்கும் உங்களுக்குத் தபாலில் எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றடியில் போன செவ்வாய்க்கிழமை நாம் ஐந்து நிமிஷம் பேசியதை யாரோ பார்த்து எங்கள் கட்சிச் செயலாளர் ஏசுராஜிடம் ஓதிவிட்டார்கள். "அந்தக் கட்சிக் கவுன்சிலரோட இன்னா பேச்சு? எவ்ளோக்குப் பேசி முடிச்சீங்க?" என்று கட்சி ஆபீசில் நாலு பேர் முன்னால் கேட்டார். என் மானம் போய்விட்டது. என் வீட்டு ரோஸும் உங்கள் வீட்டு ஜஹீருன்னிசாவும் மட்டும் எப்போதும்போலப் பேசிக்கொள்கிறார்கள். பெண்கள் பேசினால் ஓட்டு மாறாது என்று இரண்டு கட்சியும் நம்புகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மழை ஏமாற்றி, பாலாறு மணலாகி, டேனரிகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடின. அதனால் நம் நகராட்சியில் தோல் தொழிலாளிகளுக்குத் தொழில்வரியைப் பாதியாகக் குறைத்தோம். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று போட்ட அந்தச் சலுகை மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. தண்ணீர் இன்னும் வந்தபாடில்லை. நீட்டிக்காவிட்டால் ஏப்ரல் சம்பளத்தில் முழு வரியையும் பிடிப்பார்கள். டைம் ஆபீஸ் கிளார்க் என்ற முறையில் அந்தப் பிடித்தத்தைச் சம்பளச் சீட்டில் எழுதப் போகிறவன் நான்தான். அந்த வரி மூன்று நாள் கூலிதானே என்று தோன்றும். வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றால் அது ஒரு வாரத்து அடுப்பு.

நீட்டிக்க வேண்டும் என்று உங்கள் பதினொரு பேரும் சொல்கிறார்கள், எங்கள் பதினொரு பேரும் சொல்கிறார்கள். எங்கள் தீர்மானம் ஒரு வருஷம் கேட்கிறது. உங்களுடையது இரண்டு மாதம், பிறகு பார்க்கலாம் என்கிறது. நிஜமான சண்டை அதிலும் இல்லை. எங்கள் தீர்மானத்தின் கடைசி வரி எங்கள் கட்சிக்கு நன்றி சொல்கிறது, உங்களுடையது உங்கள் கட்சிக்கு. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை கூத்து.

கூட்டத்தில் நான் உங்களைத் தலையாட்டி பொம்மை என்றது பேச்சு வேகத்தில் வந்தது. நீங்களும் என்னை முதலாளி போடுகிற சோற்றில் பிழைக்கிறவன் என்றீர்கள். சரிக்குச் சரியாகிவிட்டது. எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கை. அதை நீங்கள் தூக்கினால் என்ன?

இப்படிக்கு,
ஞானமுத்து


13, கிணற்றுத் தெரு,
26-2-1988

உயர்திரு கவுன்சிலர் ஞானமுத்து அவர்களுக்கு,

'அண்ணே' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். தலையாட்டி பொம்மைக்கு அந்த உரிமை கிடையாது என்று அடித்துவிட்டேன். அடித்தல் மேலே தெரியும், பாருங்கள்.

சரிக்குச் சரி என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நான் சொன்னது உங்களுக்கு மட்டும் கேட்டது. நீங்கள் சொன்னது பேப்பர்காரன் காதில் விழுந்து பேப்பரில் வந்தது. என் பெரிய மகள் மேல்விஷாரத்தில் வாக்கப்பட்ட வீட்டில் அதைப் படித்துவிட்டு, "உங்க அத்தா பொம்மையாமே" என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷமாகப் பக்கத்து வீடு. என் சின்ன மகன் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது வேலூருக்கு லாரியில் தூக்கிக்கொண்டு ஓடியவர் நீங்கள். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததால்தான் எனக்கு ஜாஸ்தி வலிக்கிறது.

இரண்டு மாதம் என்பது முட்டாள்தனம் இல்லை. ஜூனில் மழை வந்துவிட்டால் அப்புறம் எதற்குச் சலுகை? தெருவிளக்கு பாதி எரியவில்லை, வரி கம்மியானால் அதுவும் அணையும். இப்படிச் சொல்லத்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதியை நானும் நம்புகிறேன்.

ஒரே ஒரு கை போதும் என்கிறீர்கள். எங்களுக்கும் ஒரு கைதான் போதும். உங்களுக்கும் கை இருக்கிறது.

அப்துல் வஹாப்


12, கிணற்றுத் தெரு,
12-3-1988

வஹாப் பாய்க்கு,

பேப்பரில் வந்ததும் உங்கள் மகள் காதுக்குப் போனதும் எனக்குத் தெரியாது. தெரிந்தபின் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது தப்பு. சரிக்குச் சரி என்று எழுதியது அதைவிடத் தப்பு.

வியாழக்கிழமைக் கூட்டத்தின் லட்சணத்தை நீங்களே பார்த்தீர்கள். எங்கள் தீர்மானத்துக்குப் பதினொன்றும் பதினொன்றும். உங்கள் தீர்மானத்துக்குப் பதினொன்றும் பதினொன்றும். சமமாக நின்றால் தலைவர் தன் ஓட்டைப் போட வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. நம் தலைவர் இரண்டு பக்கத்துத் தயவிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர். கைகளை எண்ணி முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஜனவரியிலிருந்து இது நாலாவது வயிற்றுவலி. வயிற்றுவலி வந்தால் கூட்டம் ஒத்திவைப்பு.

மறுநாள் ஜெயம்மாள் டைம் ஆபீசுக்கு வந்தாள். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவள், உங்கள் வார்டில் குடியிருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். நான் அவளுக்கு ஒரு வருஷம், இரண்டு மாதம், நன்றி வரி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"யார் யார் கை தூக்கினாங்கன்னு எனுக்கு எதுக்கு சார்? புடிப்பாங்களா, மாட்டாங்களா? அதச் சொல்லு."

ரிஜிஸ்டரைப் புரட்டுகிற மாதிரி புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உங்கள் வார்டுக்காரிக்காகவாவது யோசியுங்கள்.

ஞானமுத்து


13, கிணற்றுத் தெரு,
17-3-1988

ஞானமுத்து அண்ணனுக்கு, சலாம்.

இந்தத் தடவை அடிக்கவில்லை.

ஜெயம்மாள் என்னிடமும் வந்தாள். நான் குடோனில் தோல் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தோலைத் தொட்டால் உப்பு சரியாகப் பிடித்ததா, கத்தி எங்கே பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அன்றைக்குக் கை நல்ல தோலையும் மட்டத் தோலையும் ஒரே அடுக்கில் போட்டது. சுண்ணாம்பு தின்ற அவள் விரல்களைப் பார்க்காமல் இருப்பதற்காகக் குனிந்தே இருந்தேன்.

நான் கை தூக்கினால் என்ன என்று சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள். எங்கள் செயலாளர் ரஃபி அகமது எனக்கு யார்? ஜஹீருன்னிசாவின் கூடப் பிறந்த அண்ணன். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் மச்சான் வராமல் நடக்காது. கட்சியை எதிர்த்து நான் ஓட்டுப் போட்டால் அந்த மனுஷன் என் வாசல் மிதிக்க மாட்டார். நோன்பு மாதம் வேறு நெருங்குகிறது. அந்த மாதத்தில் என் பெண்டாட்டி அண்ணன் முகம் பார்க்காமல் அழுதால் நான் என்ன சொல்வது?

உங்களுக்கு அப்படி எந்தப் பேஜாரும் இல்லை. ஏசுராஜ் உங்களுக்கு மாமனா, மச்சானா? நீங்கள் எங்கள் தீர்மானத்துக்குத் தூக்குங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி இரண்டு மாதம் நீட்டிக்கலாம். நான் கேட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் மாட்டீர்கள் என்று தெரியும்.

அப்துல் வஹாப்


12, கிணற்றுத் தெரு,
30-3-1988, மாலை

அன்புள்ள வஹாப் பாய்க்கு,

நாளைதான் கடைசிக் கூட்டம். நாளையோடு சலுகை முடிகிறது.

சுருக்கமாக எழுதுகிறேன், விளக்கினால் மனசு மாறிவிடும். நாளை உங்கள் தீர்மானத்துக்கு நான் கை தூக்கப் போகிறேன். எங்களுடையதற்கும் தூக்குவேன், அது நிறைவேறாது என்பது தெரிந்ததுதான். உங்களுடையது பன்னிரண்டாகிவிடும். இரண்டு மாதம் என்றாலும் இரண்டு மாதத்து அடுப்பு எரியட்டும்.

ஏசுராஜ் என்னை என்ன செய்வார் என்று யோசித்தேன். கட்சியை விட்டு நீக்குவார். இருபத்தாறு வருஷக் கட்சி. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இருக்கிற மாதிரி அது என் வீட்டுக்குள் வந்து உட்காராது. நீங்கள் எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம். மச்சானைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டம் மூன்று மணிக்கு. காலைத் தபாலில் இது உங்களுக்குக் கிடைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் நான் தூக்கும்போது முகத்தில் ஆச்சரியம் காட்டாமல் இருப்பீர்கள்.

ஞானமுத்து


13, கிணற்றுத் தெரு,
30-3-1988, அஸர் தொழுகைக்குப் பிறகு

ஞானமுத்து அண்ணனுக்கு, சலாம்.

ஜஹீருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "எங்க அண்ணன் கோவிச்சுக்கட்டும். அது கோவம் எத்தினி நாளைக்கு நிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க தூக்குங்க" என்றாள். அதற்குமேல் எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

நாளை உங்கள் தீர்மானத்துக்குத் தூக்குவேன். ஒரு வருஷம் கிடைப்பதுதான் நல்லது, அது எனக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். எங்களுடையதற்கும் வழக்கம்போலத் தூக்குவேன், அது தோற்கும். நீங்கள் எங்கள் பக்கம் வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பொம்மைக்கும் கை உண்டு என்று நாளை பார்ப்பீர்கள். இது கோபத்தில் எழுதியதில்லை, சிரித்துக்கொண்டே எழுதியது.

அப்துல் வஹாப்


12, கிணற்றுத் தெரு,
2-4-1988

அன்புள்ள வஹாப் பாய்க்கு,

நேற்றுப் பெரிய வெள்ளி, தபால் இல்லை. அதனால் இன்று எழுதுகிறேன். வியாழக்கிழமையிலிருந்து நமக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். உங்கள் வாசலில் உங்கள் கட்சிக்காரன், என் வாசலில் எங்கள் கட்சிக்காரன். இரண்டு பேரும் ஒரே கடையில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

குற்றம் என்னுடையது. புதன்கிழமை கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் மறுநாள் பெரிய வியாழன் என்பது உறைத்தது. மாலை ஆராதனைக்குக் கவுன்சிலர்களில் ஏழு பேர் போக வேண்டும். நேரே தலைவர் வீட்டுக்குப் போய் மூன்று மணிக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றச் சொன்னேன். அவரும் உடனே ஆள் அனுப்பினார். தபால்காரர் நம் தெருவுக்குப் பதினொன்றரைக்குத்தான் வருவார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இருபது வருஷமாக டைம் ஆபீசில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டவன் நான்.

முதலில் எங்கள் தீர்மானம் வந்தது. பதினொரு கை. பன்னிரண்டாவதாக எதிர்வரிசையில் ஒன்று ஏறியபோது நீங்கள் தலை சொறிகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். ரஃபி அகமது பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றதும்தான் புரிந்தது. அந்த நேரத்தில் என் புத்தி எப்படி ஓடியது, பாருங்கள். காலைத் தபால் வந்துவிட்டது, வஹாப் பாய் படித்துவிட்டார், எனக்குப் பதில் மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். வாக்குக் கொடுத்தவன் நான் பின்வாங்கலாமா? உங்கள் தீர்மானம் வந்ததும் என் கையும் ஏறிவிட்டது.

இரண்டும் நிறைவேறிவிட்டன. இரண்டும் பன்னிரண்டுக்குப் பத்து. ஒரே வரிக்கு ஒரு வருஷச் சலுகையும் உண்டு, இரண்டு மாதச் சலுகையும் உண்டு. நகராட்சி கமிஷனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணச் சொன்னார். தலைவருக்கு முதன்முறையாக வயிறு வலிக்கவில்லை, சமமாக நிற்காததால் அவருக்கு வேலையே இல்லை.

வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம் மேஜை மேல் இருக்கிறது. படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ரோஸ் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டாள்.

ஞானமுத்து


13, கிணற்றுத் தெரு,
8-4-1988

ஞானமுத்து அண்ணனுக்கு,

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

கமிஷனர் சொன்னது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கை தவறித் தூக்கிவிட்டேன் என்று நாம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்தால் அவரவர் ஓட்டு எதிர்ப்பக்கம் சேர்ந்து, அந்தத் தீர்மானம் மறுபடி பதினொன்றுக்குப் பதினொன்று. நான் எழுதினால் உங்கள் ஒரு வருஷம் போகும். நீங்கள் எழுதினால் எங்கள் இரண்டு மாதம் போகும். இரண்டு பேரும் எழுதினால் இரண்டும் போய், ஜெயம்மாள் சம்பளத்தில் முழு வரியும் விழும்.

மச்சான் முன்கூட்டியே எழுதிய தாளோடு நேற்று வந்தார். கையெழுத்து மட்டும் போட வேண்டியது. வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். "ஞானமுத்து நேத்தே எழுதிக் குடுத்துட்டாரு. நீ மட்டும் ஏன் கெட்ட பேரு வாங்கற?" என்றார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லித் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணே, நீங்கள் எழுதிக் கொடுத்தது நிஜமா? நிஜமென்றால் அது உங்கள் இஷ்டம், ஏதாவது கஷ்டம் இருந்திருக்கும், நான் பழி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தி உங்கள் வாயிலிருந்து எனக்கு வந்திருக்க வேண்டும். மச்சான் வாயால் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன்.

அப்துல் வஹாப்


12, கிணற்றுத் தெரு,
9-4-1988

வஹாப் பாய்,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. தபாலை நம்பினது போதும். ரோஸ் தண்ணீர் சேந்தப் போகிற மாதிரி போய் இதை ஜஹீருன்னிசா கையில் கொடுப்பாள்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஏசுராஜ் என்னிடம் சொன்னது, வஹாப் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று. எனக்கும் எழுதிய தாள், கையெழுத்து மட்டும் போட வேண்டியது, ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கிறது. இரண்டு மாதமாக ஒரு தீர்மானத்தைச் சேர்ந்து எழுத முடியாதவர்கள் ஒரு பொய்யைச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

நானும் நம்பினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. முந்தாநாள் கட்சி ஆபீசில் பேனாவைக் கையில் கொடுத்தபோது, வஹாபே போய்விட்டார், இனி யாருக்காக என்று மூடியைத் திறந்துவிட்டேன். அப்புறம் கணக்குத்தான் காப்பாற்றியது. நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்றால் மிச்சமிருப்பது உங்கள் இரண்டு மாதம்தான். அதை நிறுத்திவைத்திருப்பது என் கை. நானும் எழுதினால் ஒன்றுமே இல்லை. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தேன். தவறித்தானே தூக்கினாய் என்று ஏசுராஜ் மறுபடியும் கேட்டார்.

"தவறித் தூக்கல. பாத்துதான் தூக்கினேன்" என்று சொன்னேன். அவ்வளவுதான் பேசினேன். வெளியே வந்துவிட்டேன்.

உங்கள்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள். திங்கட்கிழமை ஐந்து மணி வரை நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இதைப் படித்ததும் கிணற்று ராட்டினத்தை இரண்டு தடவை சும்மா இழுங்கள். எனக்கு இந்தப் பக்கம் கேட்கும், தூக்கம் வரும்.

ஞானமுத்து


13, கிணற்றுத் தெரு,
7-5-1988

ஞானமுத்து அண்ணனுக்கு, சலாம். ரோஸ் அண்ணிக்கும் சலாம்.

ஒடுகத்தூரில் மாமனார் நிலத்தில் காற்று வாங்கிக்கொண்டிருப்பீர்கள். நான் நோன்பு வைத்துக்கொண்டு வறண்ட நாக்கோடு எழுதுகிறேன். நீங்கள் லீவு முடிந்து வரும்வரை இதைச் சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை.

இன்று சம்பள நாள். நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டோடு ஜெயம்மாள் குடோனுக்கு வந்தாள். படிக்கச் சொன்னாள். படித்தேன். தொழில்வரி பாதிதான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மறுபடியும் பாதிதான். கையில் வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் அடித்துக்கொண்ட அந்த நன்றியை யாருமே சொல்லாததில் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? முதுகிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. எல்லாரும் போன பிறகு தோல் அடுக்கு மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு தீர்மானத்தில் எது செல்லும் என்று கமிஷனர் சென்னைக்கு எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை பாதி வரிதான் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இந்த வருஷம் கோட்டையில் மந்திரிகளே கிடையாது, கவர்னர் ஆட்சி. அந்த ஃபைலைத் திறக்க ஆள் கிடைப்பதற்குள் பாலாற்றில் வெள்ளமே வந்துவிடும் என்று கமிஷனர் ஆபீஸ் கிளார்க் சொல்லிச் சிரித்தார்.

உங்களை ஏசுராஜ் நீக்கிய கடிதம் வந்ததாக அண்ணி எழுதியிருந்தார்கள். எனக்கும் வந்துவிட்டது. மச்சான்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று மாலையே நோன்பு திறக்க வீட்டுக்கு வந்துவிட்டார், தங்கச்சி செய்கிற கஞ்சியை விட முடியுமா? கடிதம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

இன்று நகராட்சி ஆபீசுக்கு ஒரு வேலையாகப் போனேன். கூட்ட ஹாலில் பியூன் ரத்தினசாமி நம் இரண்டு நாற்காலியையும் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார். எங்கள் வரிசையில் என்னைப் போடக் கூடாதாம், உங்கள் வரிசையில் உங்களைப் போடக் கூடாதாம், இரண்டு பக்கமும் உத்தரவு. எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். பின்னால் ஜன்னல் ஓரத்தில் சேர்த்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டார். உட்கார்ந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஹாலில் பத்தும் பத்தும் எதிரெதிராக உட்கார, நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். பதினாறாம் தேதிக் கூட்டத்துக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள். ஜன்னலை ஒட்டிய நாற்காலி என்னுடையது, உங்களுக்குத்தான் காற்றுப் பட்டால் சளி பிடிக்குமே.

அப்துல் வஹாப்